இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்

1. பேக்கரி

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்கு நின்றேன். டெலிபோன், போட்டோகொப்பி, மூன்று கம்ப்யூட்டர். அதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தேன். படிப்பு ஏழாம் வகுப்பு. டைப் பண்ணப் பழகியது கடையில்தான்.

வைரஸ் வந்து மூன்று மெசினும் படுத்துவிட்டன. முதலாளி, யாரோ சும்மா கொடுத்த லினக்ஸ் சிடியைக் கொண்டுவந்து விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டார். மெசின் எழும்பியது. பிரிண்டர் எழும்பவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பிரிண்ட் வரலன்னா எல்லாத்தையும் வித்துட்டு பேக்கரி போடுறேன். ஒனக்கு பாண் சுடத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப கொழுந்தெடுக்க மலைக்கே போக வேண்டியதுதான்."

2. லிஸ்ட்

லினக்ஸைச் சம்பளமில்லாமல் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் தமிழ் ஆட்கள் ஈமெயிலில் ஒரு குழு வைத்திருந்தார்கள். லிஸ்ட் என்பார்கள். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். அதன் முகவரி சிடி உறையில் இருந்தது. நான் எழுதினேன்: "பிரிண்டர் வேலை செய்யவில்லை. உதவி செய்யுங்கள்."

பதில் வந்தது. எந்த வெர்ஷன்? லாக் எங்கே? ஒருவர், "இது ரிப்பேர் கடை இல்லை" என்று எழுதிச் சிரிப்புக் குறியும் போட்டார். லிஸ்டில் பெரிய கை, யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர். அவர் எழுதினார்: "முதல்ல மெனுவலை வாசிச்சுப்போட்டு வாங்கோ."

மெனுவல் இங்கிலீஷ். பிரிண்டர் என்ற சொல் மட்டும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை திரும்ப எழுதினேன். "மலைக்குப் புதிதாக வருபவளைத் தனியாக விடமாட்டோம். பழைய ஆள் இருவருக்கு நடுவில் மேற்பார்க்கிற கங்காணி அவளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, கொடுப்பார். அவள் பிந்தினால் இரண்டு பக்கத்து ஆளும் கையை நீட்டி அவள் நிரையிலும் எடுப்பார்கள். கத்திக்கொண்டுதான் எடுப்பார்கள். ஆனால் எடுப்பார்கள். இங்கே என் பக்கத்தில் யாரும் இல்லை."

பிறகு மாஸ்டர்: "ஒரு பக்கம் நான் நிக்கிறன். கத்துவன். மற்றப் பக்கம் ஆர்?"

"நான்" என்று எழுதினார் ஸ்டீபன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்து ஆள், கொழும்பில் வேலை. "அக்கா, கடை நம்பர் தாங்க."

3. ஒரே லைன்

சனிக்கிழமை ஸ்டீபன் கோல் எடுத்தார். கடையில் ஒரே லைன். அவர் பேசினால் இன்டர்நெட் இல்லை. மாஸ்டருக்கு மெயில் போட்டால் ஸ்டீபன் இல்லை.

"லாக்குன்னா ஒண்ணுமில்லக்கா. மெசின் தான் செஞ்சத எழுதி வைக்கும். நான் சொல்றத அப்பிடியே டைப் பண்ணுங்க."

பண்ணினேன். வந்தது. போனை வைத்துவிட்டு லாக்கை மாஸ்டருக்கு அனுப்பினேன். சவூதியில் இருக்கும் மகளுக்குக் கோல் எடுக்க ஓர் அம்மா வந்து நின்றார்.

"எம்மவ அங்க காத்துக்கிட்டு நிக்கிது. நீ பிரிண்டருக்கு வைத்தியம் பாக்குற!"

"அஞ்சு நிமிஷம்மா."

"அத அப்பவே சொன்ன!"

மாஸ்டர் பதில் போட்டார். "பிழையான மொடலைத் தெரிவு செய்திருக்கிறியள். மெனுவல்ல கிடக்கு." கீழே சரியான மொடல் பெயர். ஸ்டீபன் திரும்ப எடுத்து, எங்கே போய் மாற்றுவது என்று சொன்னார். பிரிண்டர் இருமியது. பேப்பர் வந்தது.

"வந்திருச்சு!" என்று கத்தினேன். அந்த அம்மாவும் கை தட்டினார். "சரி, இப்ப போனக் குடு."

முதலாளி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேக்கரிய பக்கத்துக் கடையில போடுறேன். மொதல்ல அதுக்கு ஒரு நோட்டீஸ் அடி."

4. அடுத்த ஆள்

சில மாதம் கழித்து உடப்புசல்லாவையிலிருந்து ஒருவர் லிஸ்டுக்கு எழுதினார். "மெசினில் சத்தம் வரவில்லை." வெர்ஷன் இல்லை, லாக் இல்லை. மாஸ்டர் எழுதினார்: "மெனுவல்ல கிடக்கு. சரி, ஒரு பக்கம் நான். மற்றப் பக்கம்?"

சத்தத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "நான்" என்று எழுதினேன். லாக் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். மீதியை மாஸ்டர் கத்திக்கொண்டு செய்தார்.

நான் படித்தது இவ்வளவுதான். பக்கத்து நிரையில் நிற்க எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கை எட்டினால் போதும்.