செக்போஸ்ட் சரிதா

ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் சரிதா கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குகிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் மடியில் கிடக்கும் டிபன் பையின் வாரில் இடது கை விரல்கள் நான்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வலது கையின் இரண்டு விரல்கள் தொடையில் மாறி மாறித் தட்டும். சிப்காட்டிலிருந்து ஓசூர் பஸ் நிலையம் வருவதற்குள் மூன்று பாட்டு முடிந்துவிடும். நெரிசலான நாளில் ஐந்து.

நாற்பத்தோரு வயது. பிரேக் உதிரிகள் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வு. எட்டு மணி நேரமும் நின்றபடி, வரும் உருப்படிகளை அளவு பார்த்து, தேறாததைச் சிவப்புப் பெட்டிக்குத் தள்ள வேண்டும். வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கன்னடம். எது கைவிட்டுப் போனாலும் "ஆயித்து, வுடு" என்பாள். முடிந்தது என்பது கன்னடத்தில், விட்டுத்தள்ளு என்பது தமிழில். காயப்போட்ட துணி மழையில் நனைந்தாலும் அதேதான், டிரம்மர் வேலையை மாற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போனாலும் அதேதான்.

டிரம்மர்கள் நிறையப் போயிருக்கிறார்கள். 'செக்போஸ்ட்' என்ற ராக் இசைக்குழுவில் இதுவரை ஏழு டிரம்மர்கள், ஐந்து பாடகர்கள். பாஸ் கிதார் வாசிப்பவர் மட்டும் பத்தொன்பது வருடமாக மாறவில்லை. அது சரிதா.

குழுவைத் தொடங்கியது அவள் அல்ல. 2005இல் பாலிடெக்னிக்கில் படித்த மூன்று பையன்கள் தொடங்கினார்கள். ஹரீஷ்குமார் பாட்டும் கிதாரும், திருமலை டிரம்ஸ், பிரேம்குமார் பாஸ். ஹரீஷின் வீடு ஜூஜுவாடியில் சோதனைச்சாவடிக்குப் பக்கம். லாரிச் சத்தத்தில் இவர்கள் சத்தம் யாருக்கும் கேட்காது என்பதால் அங்கேதான் பயிற்சி. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். ஏழே மாதத்தில் பிரேமுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. ஐ.டி.ஐ. விடுதியில் தோழியின் கிதாரில் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி தன் லைனில் இருக்கிறாள் என்று, அதற்குள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த திருமலை சொல்ல, சரிதா வந்தாள். "ஆள் கிடைக்கிற வரைக்கும் வாசிம்மா" என்றான் ஹரீஷ். 2010இல் அவனே பெங்களூருக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து திருமலைக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் ஒயர்களையும் சரிதாவின் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப்பின் வந்தவர்களெல்லாம் சிப்காட்டுக்கு வந்தவர்கள். மதுரைக்காரன் ஒருவன் பாடினால் பாட்டே மதுரைக்குப் போய்விடும். ஜார்க்கண்டிலிருந்து வந்தவன் தமிழ் வரிகளை இந்தி எழுத்தில் எழுதி வைத்து, ஒரு பிழையும் இல்லாமல் பாடினான். ஒப்பந்தம் முடிந்ததும் அவனும் போனான். 2019இல் நான்கு மாதம் செக்போஸ்ட் என்றால் சரிதா ஒருத்திதான். அப்போதும் ஞாயிறு பத்து மணிக்கு உத்தனப்பள்ளிக்குப் போய்ப் பயிற்சி அறையைத் திறந்தாள். கோவிந்தப்பன் என்ற ரோஜா விவசாயியின் தோட்டத்தில், முன்பு பூவைச் சேமித்த குளிர் அறை அது. தடித்த சுவர், சத்தம் வெளியே கசியாது. கசிந்தால் அவர் கதவைத் தட்டுவார். "நல்லா சாத்திக்கம்மா. மாடு பால மடக்கிக்குது."

இப்போதைய பாடகி தமிழ்செல்வி. செல்போன் தயாரிக்கும் ஆலையில் வேலை, இருபத்து நான்கு வயது. டிரம்ஸுக்கு ஒருவன், கிதாருக்கு ஒருவன் இருக்கிறார்கள். ஒரு வருடமாக யாரும் விலகவில்லை. அதைப் பற்றி சரிதா வாய் திறப்பதில்லை. சொன்னால் யாராவது போய்விடுவார்கள் என்று பயம்.

இந்த வருடம் பாலிடெக்னிக்கில் பழைய மாணவர் விழா வந்தது. 'ஒரிஜினல் செக்போஸ்ட், இருபது ஆண்டு கழித்து' என்று மூவர் படத்தோடு போஸ்டர். ஹரீஷ் போன் செய்தான்.

"சரிதா, பிரேமும் லீவுல வந்துருக்கான். அவனுக்கு ஒண்ணும் நெனப்பில்ல. நீ ரெண்டு ஞாயிறு உக்காந்து சொல்லிக் குடுத்துடு."

"நானே வாசிச்சுடட்டுமா?"

"மூணு பேருன்னு போஸ்டர் அடிச்சிட்டாங்கம்மா. நீ காலேஜ்ல படிக்கலல்ல, அதுக்கோசரம்தான். மேடையில உன் பேரச் சொல்லாம இருப்பமா?"

"ஆயித்து, வுடு" என்றாள்.

தமிழ்செல்விக்குத்தான் ஆறவில்லை. "அவங்க ஒரிஜினல்னா நாம யாருக்கா?" என்று கேட்டாள். சரிதா ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டில் கணவன் வெங்கடசாமியும் கேட்டான்.

"உன்ன வேணாம்னவங்களுக்கு நீ என்னாத்துக்குப் போற?"

"பிரேமுக்கு 'சங்கு' தெரியாது."

"தெரியலன்னா போவட்டுமே."

"பாட்டு கெட்டுப்போயிடும்பா."

'சங்கு' செக்போஸ்ட்டின் பாட்டுகளில் ஊருக்குத் தெரிந்த ஒன்று. 2013இல் ஒரு காலை, தொழிற்சாலைச் சங்கு பழுதாகி நாற்பது நிமிடம் நிற்காமல் ஊதியது. எல்லோரும் வெளியே வந்து வெயிலில் சும்மா நின்றார்கள். வேலை நேரத்தில் வானத்தைப் பார்த்தது அன்றுதான் என்று சரிதாவுக்குத் தோன்றியது. அந்த வாரமே பாட்டை எழுதினாள். தொடக்கத்தில் பாஸ் மட்டும் தனியாக வரும். மூவரும் போய்விட்ட பிறகு பிறந்த பாட்டு அது. இணையத்தில் கேட்டுவிட்டு ஹரீஷ்தான் விழாப் பட்டியலில் சேர்த்திருந்தான்.

இரண்டு ஞாயிறும் பிரேம் வந்தான். நல்ல மனிதன். தலை வழுக்கையாகி, விரல்கள் தடித்திருந்தன. "இத்தன வருசம் நீ எப்பிடி வாசிச்ச சரிதா? எனக்கு அர மணியிலயே கையி செத்துப்போவுது" என்றான். அவன் தடுமாறும் இடங்கள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மேடைக்குக் கீழே அவள் நின்று, எங்கே மாற வேண்டுமோ அங்கே விரல் காட்டுவாள்.

விழா சனிக்கிழமை மாலை, கல்லூரி மைதானத்தில். காலை ஷிப்டு முடித்து, சீருடைச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தாள். திருமலை அவளைப் பார்த்ததும் டிரம்ஸை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். மேடைமேல் இருந்த பழைய பெட்டிகளைக் காட்டி, "பொட்டியெல்லாம் பத்தரமா வெச்சிருக்கியே" என்றான். புனேவில் அவன் குச்சியைத் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது.

முதல் மூன்று பாட்டும் எப்படியோ ஓடின. சரிதா ஒரு விரல் காட்டினாள், மூன்று காட்டினாள், கையைக் கவிழ்த்தாள். பின்னால் நின்ற ஒருவர், "கொஞ்சம் தள்ளும்மா, மறைக்குது" என்றார். தள்ளி நின்று காட்டினாள். நாளெல்லாம் நின்ற கால் முழங்காலுக்குக் கீழே மரத்துப் போயிருந்தது.

ஹரீஷ் மைக்கைப் பிடித்தான். "அடுத்தது சங்கு. நாங்க மூணு பேரும் இதே காலேஜ் கேன்டீன்ல உக்காந்து எழுதுன பாட்டு."

கைதட்டல் எழுந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. மேடை வெளிச்சத்தில் அவனுக்கு அது உண்மையாகவே ஆகியிருக்கும். திருமலை தலையைக் குனிந்துகொண்டான். மைதானத்தில் அந்தப் பாட்டின் முதல் நாளை அறிந்தவள் அவள் ஒருத்திதான். தூக்கியிருந்த கையை இறக்கிக்கொண்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. வெகுநேரம் தூக்கி நின்ற கை அது.

பிரேம் தொடங்கவில்லை. மேடையின் விளிம்புக்கு வந்து குந்தி உட்கார்ந்தான். வாரைத் தலைவழியே கழற்றி, ஒயரோடு கிதாரை அவளிடம் நீட்டினான்.

"இது உன்னுது சரிதா. எனக்குத் தெரியும். மேல ஏறி வா."

ஹரீஷ் திரும்பிப் பார்த்தான். கூட்டம் காத்திருந்தது. சரிதா கிதாரை வாங்கினாள். மேடைப் படி இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஒலித் திருகை முழுக்கக் குறைத்தாள். காதைக் கிதாரின் உடம்போடு ஒட்டவைத்து, மூன்றாவது தந்தியை மெல்ல மீட்டினாள். சுருதி அரை இழை இறங்கியிருந்தது. திருகாணியைக் கால் சுற்று ஏற்றி, மறுபடி மீட்டி, இன்னும் ஒரு நூல் ஏற்றினாள். பிறகு ஒலியைப் பழைய இடத்தில் வைத்து, கிதாரை அவனிடமே தூக்கிக் கொடுத்து, தொடங்கச் சொல்லி ஒரு விரல் காட்டினாள்.