ஞானதுரையின் ஒறுத்தல்

ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில் ஞானதுரை ஃபிட்டர். மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட காதுக்காரனுக்குத் தன் மனசு தறிகெட்டு ஓடுவது மட்டும் ஏழு வருஷமாகக் கேட்கவில்லை. லாட்டரி. அதிலும் ஒத்த நம்பர்; சீட்டின் கடைசி எண் விழுந்தால் பணம். பெண்டாட்டி பரிபூரணத்தின் கம்மலும் தையல் மிஷினும் அந்த வழியாகத்தான் போயின.

1997இல் அவள் மகள் செல்லக்கனியைக் கூட்டிக்கொண்டு மம்சாபுரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முதல் நாள் திரும்பி வந்தவள் கறாராகச் சொன்னாள்.

"இந்தத் தவக்காலம் நாப்பது நாளும் சீட்டைத் தொடாம இருங்க. அந்தக் காசைக் கோயில்ல குடுத்த உண்டியல்ல போடுவோம். ஈஸ்டர் பூசையில செல்லக்கனி காணிக்கை வைக்கட்டும். அதுல தவறுனா நான் போனவ போனவதான்."

ஞானதுரை இருந்தான். சத்தியமாகத் தொடவில்லை. சீட்டுக் காசு தினமும் அட்டை உண்டியலுக்குள் விழுந்தது. பரிபூரணத்தின் முகம் நாளுக்கு நாள் தெளிந்தது. பாவம், அவளுக்கு ஒன்று தெரியாது. காலையில் காசு போடும்போதே அவன் மனசுக்குள் ஒரு நம்பர் சொல்லிக்கொள்வான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது மைதீன் பிச்சையின் லாட்டரிக் கடைப் பலகையில் ரிசல்ட்டைப் பார்ப்பான். பார்ப்பதில் என்ன பாவம்? அவன் நினைத்த நம்பர் ஐந்து முறை விழுந்தது. விழாத நாட்கள் ஒன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை. விழுந்த ஐந்தும் கைக்கு எட்டாமல் போனவையாக நெஞ்சில் தைத்தன. இப்படி ஆசையை அடக்கி ஒறுத்தல் இருப்பதால்தான் ஆண்டவர் தனக்கு நம்பரைக் காட்டுகிறார் என்றே நம்பிவிட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் பரிபூரணம் பலகாரத்துக்கு மாவு திரிக்கப் போயிருந்தாள். ஏழு என்ற எண் மனசில் வந்து உட்கார்ந்துகொண்டது. உண்டியலின் அடியைப் பிரித்தான். அழுகை வந்தது. கை நிற்கவில்லை.

கடையில் மைதீன் பிச்சையே தயங்கினார். "அண்ணாச்சி, நாளைக்குத்தான ஒங்களுக்குப் பெருநா? செத்த பொறுத்துக்கிடுங்க."

"இம்புட்டு நாள் பொறுத்ததுக்குத்தான் பாய் இன்னைக்குக் கெடைக்கப் போவுது. ஏழு எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் குடுங்க."

மத்தியானம் பலகையில் எட்டு என்று எழுதியிருந்தது. ஒன்றில் தப்பிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டு ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. மில் பையில் கிடந்த வாஷர்களை அள்ளி உண்டியலுக்குள் போட்டு, அடியைப் பசை வைத்து ஒட்டினான்.

ஈஸ்டர் காலைப் பூசையில் செல்லக்கனி உண்டியலைத் தூக்கிப் பார்த்து, "எம்புட்டு கனம்ப்பா" என்றாள். பரிபூரணம் அவனைப் பார்த்துச் சிரித்தாள். கலியாணமான புதிதில் சிரித்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். பிள்ளை பீடத்தை நோக்கி நடக்க நடக்க உள்ளே சத்தம் கேட்டது. அது காசுச் சத்தம் இல்லை என்று அந்தக் கோயிலில் அவன் ஒருவன் காதுக்குத்தான் தெரியும். நாளைக்குக் கோயில் காணிக்கையை எண்ணுகிற உபதேசியார் பிரித்தால் ஊருக்கே தெரியும். உண்டியலின் மேல் வீட்டுப் பெயர் எழுதியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்கத்தான் முழந்தாளிட்டான். "ஆண்டவரே" என்று வாயெடுத்தவன், திங்கட்கிழமைக்கு ஏழா, ஒன்பதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.