வனஸ்தலிபுரத்தில் துப்பாக்கி இல்லாமல் ஒரு மான் வேட்டை

போன ஜனவரியில் வனஸ்தலிபுரம் மான் பூங்காவுக்கு நான் போனது இயற்கை ஆர்வத்தால் அல்ல, வீட்டில் போட்ட தடையுத்தரவால்.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த என் தாத்தா, வெள்ளைக்கார துரையோடு போய் மான் சுட்ட கதையை நான் எந்த விருந்திலும் சொல்லாமல் விட்டதில்லை. விருந்துக்கு விருந்து மானின் கொம்பு ஒரு சாண் வளரும். கதையில் தாத்தா கையில் ஒரு தகர டின்னும் உண்டு. அது தோட்டா வைக்க என்பது என் விளக்கம்.

மனைவி சரோஜா கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த ஊர்ல மானாவது மண்ணாவது! ஒரே ஒரு மானைக் கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா பொண்ணு நிச்சயதார்த்தத்துல, சம்பந்தி முன்னாடி அந்தக் கதைய எடுக்கப்படாது."

சம்பந்தி முன்னால் கதை சொல்லாமல் நான் எதற்கு? மானைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று சரோஜாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் வீடு இருக்கும் மாரெட்பள்ளியிலிருந்து இருபது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். "மான் பார்க்கவா? கைக்கு சாப்?" என்று ஓட்டுநர் சிரித்தார். எதற்கு என்று கேட்கிறாராம். சரோஜா அவர் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

நிஜாம் காலத்து வேட்டைக்காடு அது. இன்று சுவருக்கு அந்தப் பக்கம் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. ஒன்பது மணிவரை நடந்ததில் கண்டவை எறும்புப் புற்றுகளும் என் மூட்டுவலியும்தான். சரோஜா பாதை வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க மானை இங்கயே கூட்டிட்டு வாங்க."

விடவில்லை. புதரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். புல்லுக்கு மேலே திருகு திருகாகக் கொம்புகள்! ஒரு மந்தையே நின்றது. "சரோ! இருக்குடீ!" என்று கத்தினேன். கையிலிருந்த எவர்சில்வர் டிபன் கேரியர் வேறு பாறையில் விழுந்து உருண்டது. மந்தை துள்ளிப் பறந்தது, நேராக சரோஜா இருந்த பக்கம்.

"சில்லாவ் நக்கோ சாப்!" என்று கத்தாதிருக்கச் சொல்லி ஓடிவந்த காவலர், மூச்சு வாங்கியபடி திட்டினார். "அந்தக் காலத்து ஷிகார் வேட்டைல உங்களத்தான் கூலிக்கு வச்சிருப்பாங்க. டின்னைத் தட்டி விரட்ட ஆளு, உக்காந்து சுட துரை."

சரோஜா கல்லிலிருந்து எழுந்து வந்தாள். கண் இன்னும் விரிந்தே இருந்தது. "பத்துப் பன்னெண்டு... என்னைத் தாண்டிப் போச்சுங்க." பிறகு காவலரைப் பார்த்தாள், நசுங்கிய கேரியரைப் பார்த்தாள், கடைசியாக என்னை. "தாத்தா டின்னு எதுக்குன்னு இப்பத் தெரியுது."

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பூங்காவுக்கு எந்த நாள் விடுமுறை என்று விசாரித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். இந்த நகரம் முழுக்க ஒருகாலத்தில் ஓடித் திரிந்தவற்றுக்கு மிச்சமிருக்கும் இடம் அது. என்னைப் போல விரட்டாதீர்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. "கதை சொல்லிக்கோங்க. துப்பாக்கிய துரைகிட்ட குடுத்துட்டு, டின்னை மட்டும் எடுத்துட்டு வாங்க."