ஈரமில்லாத தொட்டி

என் அக்காவிடம் பை இல்லாத உடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. கடையில் துணி எடுக்கும்போதே வலது பக்கத் தையலை விரலால் தடவிப் பார்ப்பாள். பை இருந்தால் சரி. இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் தையலைப் பிரித்து, கெட்டித் துணியில் ஒரு பை தைத்து உள்ளே வைத்துவிடுவாள். போன் வைக்க இல்லை, சாவி வைக்கவும் இல்லை. கத்தி வைக்க.

பயந்துவிடாதீர்கள், மடக்குக் கத்திதான். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுப்புக் கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். அக்காவுக்கு ஒரு பெரிய கிடங்கில் வேலை. லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்து, உள்ளே சரக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி பிரிக்க எல்லோருக்கும் மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் கட்டர் கொடுத்திருக்கிறார்கள். அக்காவுடையது மேசை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. பெட்டி திறக்க, பென்சில் சீவ, பழம் நறுக்க, தொங்கும் நூலை அறுக்க எல்லாவற்றுக்கும் அவளுக்கு அந்தக் கத்திதான். காலையில் கண் விழித்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கு முன்னால் கை அதைத்தான் தேடும்.

எனக்கும் அந்தக் கத்திக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு கத்தியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேச என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பேச ஆள் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அக்கா, சைக்கிள் கடைக்காரர், பல் டாக்டர் மூவரும் சைக்கிள் கடையின் பின்னறையில் கூடுவார்கள். அக்காவைக் கொண்டுபோய் விடுகிற பாவத்துக்கு நானும் பஞ்சர் டியூப்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன்.

மேசை மேல் ஒரு ரப்பர் விரிப்பு. அன்றைக்குப் பையில் எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்து வைக்க வேண்டும். "வீட்டுல இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு" என்று வாயைத் திறந்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். கேட்காமல் அடுத்தவர் கத்தியைத் திறக்கக்கூடாது. திறந்தால் துடைத்து, மடக்கி, பிடிப் பக்கமாகத்தான் நீட்ட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கச்சேரி. ஒருவர் கத்தியை விரித்து மடக்குவார், மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டு யாருடைய கத்தி என்று சொல்ல வேண்டும். மூன்று பெரிய மனிதர்கள், அதில் ஒருவர் டாக்டருக்குப் படித்தவர், கண்ணை மூடிக்கொண்டு 'டக்' கேட்டு முகம் மலர்வதைப் பார்த்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

அத்தான் இறந்துபோனபோது அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. அதிலிருந்து அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். சண்டை, சமாதானம், சினிமா எல்லாம் இரண்டு பேருக்குள்ளேயே முடிந்துவிடும். ஆகவே மகள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும், அக்காவுக்கு அந்தப் பையனைவிட அவன் அம்மாவைப் பற்றித்தான் கவலை. நம் பிள்ளையைக் கொண்டுபோய் எப்படிப்பட்ட ஆளிடம் விடுகிறோம் என்று கேட்டுக் கேட்டு என் காதைப் புண்ணாக்கிவிட்டாள்.

அந்தச் சம்பந்தியம்மா மகனோடு முதல்முதலாக வீட்டுக்கு வந்தார். கஞ்சி போட்டு மடித்த துணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார், அளந்து பேசினார். பரிசாக ஒரு மேசைவிளக்கைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார்கள். அக்கா மகள் பெட்டியின் டேப்பை நகத்தால் கிழித்துப் பார்த்தாள், வரவில்லை. அக்காவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கை பைக்குள் போனது. டக். டேப் நீளவாக்கில் பிளந்தது.

சம்பந்தியம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் கண் கத்தியை விட்டு அகலவில்லை. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த மகன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு கிளம்பும் வரை அந்தப் பிடி தளரவே இல்லை.

அவர்கள் படியிறங்கியதுதான் தாமதம், அக்கா மகள் அழுதுவிட்டாள். "அவங்க எப்படிப் பயந்துட்டாங்க பாத்தியாம்மா? பிடுங்கிட்டுப் போயிடுவோம்னு நெனச்ச மாதிரி பேக்கைப் பிடிச்சிருந்தாங்க. நான் அந்த வீட்டுலதான போய் இருக்கணும்?"

அக்கா கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் அது வேணாம்மா. எனக்காக. சத்தியம் பண்ணு" என்றாள் மகள்.

அக்கா சத்தியம் செய்தாள். அதோடு நிற்காமல், சாட்சிக் கையெழுத்துப் போட வரப்போகிற சைக்கிள் கடைக்காரரிடமும் பல் டாக்டரிடமும், "அண்ணே, டாக்டரே, அன்னிக்கு நீங்களும் வெறும் பையோட வந்து சேருங்க" என்று உறுதி வாங்கிக்கொண்டாள்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில். டாக்ஸி எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அக்கா மகள் புதுச் செருப்பில் கொஞ்சம் நொண்டியபடி முன்னால் போய்விட்டாள். விலைச்சீட்டைக் கையால் பிய்த்திருக்கிறாள், அதன் பிளாஸ்டிக் நூல் மட்டும் வாரில் மாட்டிக்கொண்டு குதிகாலைக் குத்துகிறது. வாசலில் சோதனைக் கதவு. பையில் இருப்பதையெல்லாம் தட்டில் வைக்கச் சொல்கிறார் காவலாளி. அக்கா புது உடுப்பின் பைக்குள் கையை விட்டாள். விட்ட கை வெளியே வரவில்லை. என்னைத் திருதிருவென்று பார்த்தாள்.

"அடிப்பாவி" என்றேன்.

"நான் எடுத்து வைக்கலடா. அலமாரியிலதான் வச்சேன். கை தானா எடுத்து வச்சிருச்சு!"

அப்படியே பின்வாங்கி, என்னை இழுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்கு வந்தாள். அங்கே வரிசையாகப் பூந்தொட்டிகள். நான் முதல் தொட்டியைக் காட்டினேன். அவள் மண்ணில் விரலை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ஈரம். கத்தி துருப்பிடிக்கிற இரும்புடா." அடுத்தது. "இதுவும் ஈரம்." மகள் உள்ளே காத்திருக்கிறாள், இவள் ஒவ்வொரு தொட்டியாகக் கை வைத்து நாடி பார்க்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் கத்தியைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன். கடைசியில், தூணுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி, அதன் தொட்டியில் காய்ந்த மணல். அக்கா முகம் தெளிந்தது. கைக்குட்டையில் கத்தியைச் சுற்றி, ஓரமாகப் புதைத்து, மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சைக்கிள் கடைக்காரரும் டாக்டரும் ஏற்கெனவே வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மகள் கையெழுத்துப் போடப் போகும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். அக்காவின் கை பைக்குள் போய் வெறுமையாகத் திரும்பியது. எதிரே சம்பந்தியம்மாவும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறந்து கையை விட்டார், ஏதோ நினைவுக்கு வந்தது போல எடுத்துவிட்டார். கைக்குட்டை தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்துகள் முடிந்து எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா நழுவினாள். நானும் பின்னாலேயே போனேன். வராந்தாவில் எங்களுக்கு முன்னால் சைக்கிள் கடைக்காரர் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு மணலுக்குள் முழங்கை வரை விட்டிருந்தார்.

"அண்ணே, நீங்களுமா?" என்றாள் அக்கா.

சைக்கிள் கடைக்காரர் அசடு வழிந்தார். "வெறும் பையோடதான் தங்கச்சி கிளம்பினேன். பஸ்ல உக்காந்தப்புறம் பாத்தா பையில இருக்கு."

"எனக்கும் அதேதான் அக்கா. வேற எங்க வைக்கிறது? காஞ்ச மண்ணு இருக்கிற தொட்டி இது ஒண்ணுதான" என்றார் டாக்டர்.

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் அக்காவின் கத்தியை எடுத்துக் கொடுத்தார். சைக்கிள் கடைக்காரரின் மரப்பிடிக் கத்தி வந்தது. டாக்டருடையதும் வந்தது. ஆனாலும் டாக்டரின் கை மணலுக்குள்ளேயே நின்றது. "இன்னொண்ணு இருக்கு" என்றார் மெதுவாக.

ஓரம் தைத்த ஒரு சின்னக் கைக்குட்டை. உள்ளே முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஒல்லியான மடக்குக் கத்தி. அலகு தேய்ந்து தேய்ந்து மெலிந்திருந்தது, ஆனால் ஒரு பொட்டுத் துரு இல்லை. சைக்கிள் கடைக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டார். கல்யாணம், சத்தியம், சம்பந்தி எல்லாம் அந்த நிமிடத்தில் அவர்களுக்கு மறந்துபோயிற்று.

"கேக்காம திறக்கக்கூடாது" என்றாள் அக்கா.

"யாருகிட்ட கேக்குறது? செடிகிட்டயா?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "ஒரே ஒரு தடவை தங்கச்சி."

டாக்டர் விரித்து மடக்கினார். டக். மூவரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

நான் மூடவில்லை. அதனால் அக்கா மகளும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன்.

"அம்மா, எங்கிட்ட என்ன சொன்ன நீ?"

அக்கா கண்ணைத் திறந்தாள். கையில் கத்தி, உடுப்பெல்லாம் மணல். பெட்டி பெட்டியாகத் தூக்குகிற என் அக்கா அப்படி ஒடுங்கிப்போய் நின்று நான் பார்த்ததில்லை. "உனக்குக் கெட்ட பேரு வாங்கித் தந்துட்டேன்டி" என்றாள்.

அப்போதுதான் சம்பந்தியம்மா கைப்பையோடு வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை, நேராகத் தொட்டியை நோக்கி நடந்தார். குனிந்து செடியின் தூர்ப்பக்க மணலைத் தொட்டார். பிறகு டாக்டரின் கையைப் பார்த்தார்.

"அது என்னோடது" என்றார்.

மாப்பிள்ளை தலையில் கை வைத்தான். "அம்மா! வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"எடுத்து வைக்கக் கூடாதுன்னுதான்டா இருந்தேன். பேக்குல இருந்துச்சு, என்ன பண்ண?" சம்பந்தியம்மாவின் குரலில் அளந்து பேசுகிற பேச்சு போன இடம் தெரியவில்லை. அக்கா பக்கம் திரும்பினார். "அன்னிக்கு உங்க வீட்டுல உங்க கத்தியைப் பாத்ததும் என்னோடதை எடுத்துக் காட்டணும்னு கை துடிச்சுது சம்பந்தி. இவன்தான் கிளம்பும்போதே சொல்லிட்டான், பொண்ணு வீட்டுல கத்தியை எடுத்து மானத்தை வாங்காதம்மான்னு. பேக்கை அமுக்கிப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

டாக்டர் அவசரமாக அலகைத் துடைத்து, மடக்கி, பிடிப் பக்கமாக நீட்டினார். "கேக்காம திறந்துட்டோம், மன்னிச்சிருங்க."

"அதனால என்ன? சத்தம் எப்படி இருந்துச்சு?" என்றார் சம்பந்தியம்மா.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். மகளை எங்கே விடப்போகிறோம் என்று இத்தனை நாள் என் காதைத் தின்றவள், சம்பந்தியம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மாப்பிள்ளையும் அக்கா மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் ஓர் அடி முன்னால் வைத்து, "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கினாள்.

"இந்தா" என்று அக்கா கத்தியை விரித்தாள். "இரும்மா" என்று சம்பந்தியம்மாவும் விரித்தார். கொம்புப் பிடியும் முத்துச்சிப்பிப் பிடியும் அவளுக்கு முன்னால் அருகருகே நின்றன.

அக்கா மகள் அம்மாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்தாள். பிறகு செருப்போடு இரண்டு காலையும் நீட்டினாள்.

"ரெண்டுலயும் நூல் இருக்கு. ஆளுக்கொரு கால்."

இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, பூப்பறிக்கிற பதனத்தோடு நூலை அறுத்தார்கள். அறுத்துவிட்டு ஒரே நேரத்தில் மடக்கினார்கள். சைக்கிள் கடைக்காரரும் டாக்டரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். இந்தத் தடவை நானும் மூடியிருந்தேன்.