எட்டு மணி காட்டாத கடிகாரம்

நைனாவுக்கு வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணுக்குத் திருப்பதியில் கருவிழி மாற்றி வைத்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, தவறினால் உடம்பு புதுக் கருவிழியை ஏற்காமல் போகலாம் என்று டாக்டர் தெலுங்கில் அவரிடம் ஒரு முறையும் என்னிடம் இன்னொரு முறையும் சொல்லி அனுப்பினார்.

சித்தூர் வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இரண்டே பேர். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவள். லீவு தீரப் போகிறது. பகல் மருந்தைத் தானே விட்டுக்கொள்வதாக நைனா பிடிவாதம் பிடித்தார். ஆனால் மணி பார்க்க வேண்டுமே? செல்போன் வெளிச்சம் அவர் கண்ணைக் குத்தியது. சுவர்க் கடிகாரத்தின் முள் புகையாகத் தெரிந்தது. அதனால் நிக்ஸி குழாய்களை வாங்கி நானே ஒரு கடிகாரம் செய்தேன். நிக்ஸி என்பது அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பியில் வளைத்த பத்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நூற்றெழுபது வோல்ட் கொடுத்தால் வேண்டிய எண்ணைச் சுற்றி ஆரஞ்சு ஒளி படரும்.

நைனாவுக்கு எண் தெரிந்தது. ஆனால் கண் கூசுகிறது என்றார். வெளிச்சத்தைக் குறைத்தால் போச்சு என்று, வேலைக்குப் போக வேண்டிய முதல் நாள் காலை, அவசர அவசரமாக ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டுப் பெரிய மதிப்பில் மாட்டினேன். மின்னோட்டம் குறைந்தது. அப்போது மணி ஏழு பதினொன்று. மூன்று எண்களும் மெல்லிசாக எரிந்தன. இப்போது கூசவில்லை என்றார். நானும் நிம்மதியாகக் கிளம்பிவிட்டேன்.

ஒன்பதடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் செய்து, எட்டு மணி மருந்து ஆயிற்றா என்று கேட்டேன். "இன்னும் எட்டு வரலியே" என்றார். ஸ்கூட்டியில் பறந்துவந்து பார்த்தால், எட்டின் மேல்பாதி எரியவே இல்லை. கீழே ஒரு சின்ன வளையம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஏழும் குட்டைக் கம்பி, எட்டுதான் நீளம், மின்சாரம் பற்றாவிட்டால் பாதி எண்தான் எரியும். இதைப் பிள்ளைகளுக்கு வாய் கிழியச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

மருந்தை விட்டேன். என் மேல் வந்த கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். கடிகாரம் மக்கர் பண்ணுவது தெரியவில்லையா, ஒரு வார்த்தை கேட்டால் என்ன, வாயில் கொழுக்கட்டையா என்று கத்தினேன்.

நைனா மெதுவாக, "சந்தேகமாத்தான் இருந்திச்சி. எனக்கோசரம் நாலு நாளா ஒக்காந்துகினு செஞ்ச. அத்தப் போயி தப்புன்னு எப்டிம்மா சொல்லுவேன்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அன்று வேலைக்குத் திரும்பவில்லை. பழைய ரெசிஸ்டர்களையே மாட்டினேன். மின்னோட்டத்தைக் குறைக்காமல், நொடிக்குப் பல நூறு முறை அணைந்து எரியும்படி செய்தேன். எரியும் நேரம் குறைவு, அணைந்திருக்கும் நேரம் அதிகம். அந்த வேகம் கண்ணுக்குத் தெரியாது, மங்கல் மட்டும் தெரியும். ஒவ்வொரு எண்ணும் முழுசாக எரிகிறதா என்று பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பதுவரை நைனாவையே வாசிக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் அந்தக் கண்ணுக்காக எல்லாரும் ஜெபித்தார்கள். நான் ரெசிஸ்டர் விஷயத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஆறு வாரம் கழித்துத் திருப்பதிக்குப் போனோம். விளக்கை அடித்துப் பார்த்த டாக்டர், கருவிழி நன்றாக ஒட்டிக்கொண்டது என்றார். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு எதிரே இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நைனா அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தார். இரண்டு வருஷமாக அவர் கண்ணில் நான் வெறும் நிழல்.

"உனக்கு எப்பம்மா இவ்ளோ நரைச்சிது?" என்றார்.