ஆதம்பாவா காக்காவின் கடையில் கிடந்த சில்லு

போன கிழமை சவளக்கடையில் ஒரு கலியாணத்துக்குப் போகும் வழியில், கிட்டங்கி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மகளின் காருக்குக் காற்றுப் போய்விட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். எனக்குப் பார்வை மங்கிய பிறகு அவள் என்னை ஸ்டியரிங் பக்கம் அண்டவிடுவதில்லை. இறங்கி எந்தச் சில்லு என்று பார்ப்பதை விட்டுவிட்டு நான் நேரே பின்னால் போய் டிக்கியைத் தட்டிக்கொண்டு நின்றேன். பயணம் புறப்பட்டால் ஸ்பெயார் சில்லு இருக்கிறதா என்று இரண்டு தரமாவது கேட்பேன். வீட்டில் இதை வைத்து என்னைப் பகிடி பண்ணாதவர்கள் இல்லை.

மகள் டிக்கியைத் திறந்து காட்டினாள். சில்லு இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு போத்தலும் கைக்கடக்கமான ஒரு பம்பும் கிடந்தன.

“இந்தக் காருக்குச் சில்லே வாறல்ல வாப்பா. வாங்கக்குள்ளயே சொன்னனே.”

சொல்லியிருப்பாள். எனக்கு வேண்டாத செய்தி காதில் விழாது. அவள் தொலைபேசியில் யாரையோ அழைத்தாள். கால் மணித்தியாலத்தில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சில்லைக் கழற்றவே இல்லை. ஆணியைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் ஏதோ பசையைத் தடவி, ஒரு தடித்த நாடாவைக் குத்தி ஏற்றி, மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டுக் காற்று அடித்தார். நான் வயல் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பசையின் மணம் காற்றில் வந்ததும் எனக்கு முதுகு கூசியது. பின்னால் யாரோ நின்று ஸலாம் சொன்னது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், வயல்தான். இது எனக்குப் புதிதில்லை. ரப்பர் பசை மணக்கும் இடமெல்லாம் இப்படித்தான், நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஸலாம் சொல்வது ஆதம்பாவா காக்கா.

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் அவருக்கு டயர் ஒட்டும் கடை ஒன்று இருந்தது. கடை என்று சொன்னால் கூடிப்போகும். நாலு கம்பு, மேலே தகரம், பின்னால் ஒட்டினாற்போல வீடு. வீட்டில் அவரும் மனைவியும்தான், பிள்ளைகள் இல்லை. மெலிந்த, உயர்ந்த மனிதர். எங்கள் ஊரில் அண்ணன் முறையானவரைக் காக்கா என்போம், அப்படி ஊருக்கே அவர் காக்கா. சாரனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் பொத்திக்கொண்டே வீதியில் போகிறவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்வார். சைக்கிளில் வேகமாகப் போகிறவரையும் விடமாட்டார். சைக்கிள் போய் மறைந்த பிறகும் பதில் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு குறை இருந்தது. வேலையை நேரத்துக்கு முடிக்கமாட்டார். “நாளைக்கு வாங்க தம்பி” என்பார். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான் எனக்கு வசதியாகப் போனது.

எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அம்பாறையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். என் பக்கத்து மேசை கலீல். வேலை நாட்களில் இரண்டு பேரும் அம்பாறையிலேயே தங்குவோம். ஊரிலும் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீதி தள்ளித்தான் அவன் வீடு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகவே வந்தவர்கள். அந்த வருடம் நான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். வாங்கிய புதிதில் அதைக் கழுவுகிற வேளையில் நான் பாடுவேன் என்று வீட்டில் சொல்வார்கள். யாருக்கு என்ன தேவையென்றாலும் என் கார்தான் முன்னால் நிற்கும். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு எருமைத் தயிர் ஏற்றிவரப் போனேன். நாற்பது சட்டி தயிர் டிக்கியில் அடங்கவில்லை. ஸ்பெயார் சில்லைக் கழற்றிக் கிணற்றடியில் சாத்திவிட்டுப் போனேன். கலியாணம் முடிந்தது, தயிரும் முடிந்தது. கோழிகள் அந்தச் சில்லின் மேல் ஏறி உட்காரத் தொடங்கின. எடுத்து வைக்கச் சொல்லி உம்மா இரண்டு நாள் சொன்னா. ஓம், ஓம் என்றேன்.

அடுத்த புதன்கிழமை கலீலின் உம்மா மௌத்தானா. சுபஹோடு உயிர் போயிருக்கிறது. கரையோரமெங்கும் அன்று ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை, தொலைபேசியும் சரியாக வேலை செய்யவில்லை. தகவல் சுற்றி வளைத்துக் கந்தோருக்கு வந்து சேரும்போது நடுப்பகல் லுஹர் தாண்டிவிட்டது. பின்னேரம் அஸர் தொழுததும் ஜனாஸாவை எடுப்பார்கள், அதற்குள் வந்துவிடு என்று அவனுடைய மூத்த காக்கா சொல்லி அனுப்பியிருந்தார். மையித்தை வைத்துக்கொண்டு பொழுதைக் கழிப்பதை எங்கள் ஊரில் யாரும் ஒப்பமாட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்கே காத்திருக்க யோசிப்பார்கள். அம்பாறையிலிருந்து வருகிறவனுக்கு அஸர் வரை தந்ததே பெரிய தவணை. கலீல் வேலை நெருக்கடியில் ஒரு மாதமாக ஊருக்குப் போயிருக்கவில்லை.

காரில் அவன் அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

“முகத்த ஒருக்காப் பாத்தாப் போதும் மச்சான்.”

முக்கால் மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், பொய் சொல்லக் கூடாது. சம்மாந்துறைக்கு இன்னும் சில மைல் இருக்கும்போது பின்பக்க இடது சில்லு காற்றுப் போய்த் தட்டத் தொடங்கியது.

இருபக்கமும் அறுவடை முடிந்த வயல். ஒரு வாகனம் இல்லை. கலீல் கார் தூக்கும் ஜக்கைத் தரச் சொல்லிக் கையை நீட்டினான். நான் டிக்கியைத் திறந்தேன். வெறும் பள்ளம். தயிர் சிந்திக் காய்ந்த புளிச்ச மணம் மட்டும் இருந்தது. கிணற்றடியும் கோழியும் என் கண்முன் வந்து நின்றன. ஒரு மனிதன் தன் உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகிறான், நான் கோழிக்குச் சில்லைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இதை எப்படிச் சொல்வது? நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

“சில்லு ஆதம்பாவா காக்காட கடையில கிடக்கு. ஞாயித்துக்கிழமை தாறன் எண்டார், தரல்ல.”

கலீல் என்னைப் பார்த்தான். பிறகு வீதியைப் பார்த்தான்.

எங்கள் பக்கம் வயல்காரர்கள் அவசரத்துக்கு ஒரு வேலை செய்வார்கள். காற்றுப் போன டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை இழுத்துவிட்டு, உள்ளே வைக்கோலை இறுக்கி அடைத்துவிட்டு மெதுவாக ஓட்டுவார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். கந்தோருக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு கலீல் வயலில் இறங்கிக் கை நிறைய வைக்கோல் அள்ளி வந்தான். நான் நெம்பினேன், அவன் அடைத்தான். கேள்விப்பட்ட வேலை ஒன்று, செய்து பழகிய வேலை இன்னொன்று. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. அரை மைல் ஓடியிருப்போம், வைக்கோல் கருகிப் புகைந்து டயர் றிம்மை விட்டுக் கழன்றது. வெறும் றிம்மில் ஓடினாலும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். வந்தது. கார் பாழாகிவிடும் என்று தள்ளிவைத்தேன்.

சம்மாந்துறைப் பக்கமிருந்து அஸர் பாங்கு கேட்டது. ஒரு பள்ளிவாசலில் முடிய இன்னொன்றில் தொடங்கியது. கலீல் வரம்பில் குந்தியிருந்து கடைசிப் பாங்கு முடியும்வரை கேட்டான். அதன் பிறகுதான் கிளைப் பாதை ஒன்றிலிருந்து பெட்டி பூட்டிய ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது. காரை அங்கே நின்ற வயல்காரர் ஒருவரிடம் பாரப்படுத்திவிட்டு இரண்டு பேரும் அதன் பெட்டியில் ஏறி நின்றோம். ஊர் வரைக்கும் அது ஆடி ஆடிப் போனது.

வீட்டுக்கு முன்னால் பாய் விரித்திருந்தது. மையித்தை வைத்துத் தூக்கும் சந்தூக்கு இல்லை. கலீல் நிற்காமல் மையவாடிப் பக்கம் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். அடக்கிவிட்டு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் மண்வெட்டியோடு வந்தவர் ஆதம்பாவா காக்கா. கபுறு வெட்டியவர்களில் அவரும் ஒருவர். கலீலைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டார். ஸலாம் சொல்லிவிட்டு, மண் பிடித்த இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தார். கலீல் விலகி நடந்தான். அவர் கை விரித்தபடியே நின்றார். அவருக்குப் பின்னால் நான் நின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகமும் இல்லை. பாவம், உம்மாவைப் பறிகொடுத்தவன் என்பது போலத் தலையை ஆட்டினார்.

கலீல் அதற்குப் பிறகு அந்த மனிதருக்குப் பதில் ஸலாம் சொல்லவே இல்லை. சண்டை பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. பள்ளி வாசலில், சந்தையில், பெருநாள் தொழுகை முடிந்து ஊரே ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கும் நேரத்தில், அவர் வந்து ஸலாம் சொல்வார். இவன் செருப்பைத் தேடுவான். மூன்று நாளைக்கு மேல் ஒரு முஸ்லிமோடு பகைத்திருக்கக் கூடாது என்று சின்ன வயதில் ஓதிய ஆள்தான். என்னோடு மட்டும் முன்னைவிட நெருக்கமாக இருந்தான். தனக்காக வைக்கோல் அடைத்த கூட்டாளி அல்லவா.

ஒரு நாள் டியூப் ஒட்டப் போயிருந்தபோது ஆதம்பாவா காக்கா பசையைத் தடவிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

“கலீல் தம்பிக்கு என்னில என்ன கோவம்? உனக்குத் தெரியுமா மனே?”

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. சொன்னால் அவர் சிரித்துக்கூட இருப்பார். நான், உம்மா மௌத்தான கவலை காக்கா, வேறொன்றுமில்லை என்றேன். ஓம், இருக்கும்தான் என்றார். டியூபை என் கையில் தந்தார். அன்று நாளைக்கு வரச் சொல்லவில்லை.

பிறகு சுனாமி வந்தது. அந்தக் காலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுத வராது. கடற்கரை வீதியில் அவருடைய தகரமும் கம்பும் வீடும் போயின. அவரும் மனைவியும் போனார்கள். இரண்டு பேரின் மையித்தும் கிடைக்கவில்லை. பெயர் தெரியாமல் ஒன்றாக அடக்கப்பட்டவர்களுக்குள் இருக்கலாம் என்றார்கள். கடல் கொண்டுபோயிருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

நான் ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்த வருடம், வழக்கப்படி வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டேன். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும், அதை அல்லாஹ்விடம் நேரே கொண்டுபோக முடியாது. கலீல் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். தேத்தண்ணி வந்தது. கிணற்றடி, கோழி, தயிர்ச்சட்டி எல்லாவற்றையும் சொன்னேன். காறித் துப்புவான் என்று எதிர்பார்த்துப் போனேன். துப்பியிருந்தால் எவ்வளவு நல்லது. கோப்பையைக் கீழே வைத்தான். அவன் முகம் என் கண்முன்னாலேயே கிழண்டு போனது. பிறகு சொன்னான்.

“உன்னப் பொறுத்திட்டன், அது லேசு. அந்த மனிசன் சொன்ன ஸலாமெல்லாம் என்னட்டக் கிடக்கு. அத நான் எங்க கொண்டு போய்க் குடுக்கிற?”

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு என்னை வரச் சொன்னான். இரண்டு பேரும் கடற்கரைக்கு நடந்தோம். கடை இருந்த இடம் எதுவென்று எங்களுக்கே பிடிபடவில்லை. கரையும் மாறிவிட்டது, வீதியும் மாறிவிட்டது. ஒரு உடைந்த கிணற்று வளையத்தை அடையாளமாக வைத்து இங்கேதான் என்றேன். மையவாடிக்குப் போனால் நாம்தான் முதலில் ஸலாம் சொல்வோம். கலீல் அப்படிச் சொல்லவில்லை, பதில் ஸலாம்தான் சொன்னான். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று, “வஅலைக்குமுஸ் ஸலாம் காக்கா” என்றான். ஒரு தரத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்டவன் போலக் கொஞ்சம் பொறுத்துப் பொறுத்துச் சொன்னான். இருட்டுப்படும்வரை சொன்னான். நான் அவனுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கலீல் மௌத்தாகி மூன்று வருடமாகிறது. கடைசிவரை வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய்வந்தான். ஒரு நாளும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கிணற்று வளையத்தையும் இப்போது காணவில்லை. மாலையில் ஆட்கள் காற்று வாங்க வருகிறார்கள். ஆதம்பாவா என்று சொன்னால் யார், எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். அந்தச் சில்லு அவருடைய கடையில் ஒரு நாளும் கிடக்கவில்லை என்று நான் இனி யாரிடம் போய்ச் சொன்னாலும், அது அவருக்குக் கேட்காது.