கடிதம் முந்தியா, கத்தி முந்தியா

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான்கு வருடம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, முகாமைத்துவத்தில், அதாவது நிர்வாகத்தில், பட்டமும் வாங்கிய பிறகு, ஏழு தேங்காயை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு வருடம் வேலையில்லாமல் திரிந்தவன் நான். முகாமைத்துவம் படித்தவன் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் பெரியகல்லாற்று அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. பட்டத்தோடு ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. சந்நிதியில் நிற்கும்போது அம்மா காதுக்குள் சொன்னார்: "வேல கிடைச்சா ஏழு தேங்கா உடைக்கிறன் எண்டு நேந்துக்க மனே. காணும்."

தேங்காய் விற்ற விலைக்கு ஏழு என்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. செலவில்லாத நேர்த்தி ஏதும் உண்டா என்று யோசித்தேன். பக்கத்தில் என்னோடு படித்த இரண்டு பெண்கள் வேறு நின்றார்கள். கொஞ்சம் சத்தமாகவே நேர்ந்தேன்: "தாயே, வேல கையில கிடைக்கிற வரைக்கும் இந்த முகத்தில கத்தி படாது."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையில் கை வைத்தார். நேர்முகப் பரீட்சைக்கும் இதே முகத்தைத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது, வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தாடி வளர்ந்தால் சிலருக்கு முனிவர் களை வரும். எனக்கு வந்தது காட்டுப்பன்றி புகுந்துபோன வயல் வட்டையின் களை. ஓர் இடத்தில் அடர்த்தி, ஓர் இடத்தில் வெறும் நிலம். ஊரில் பிரதான வீதியில் சலூன் வைத்திருப்பவன் பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அவன் என்னைக் கண்டதும் வாசலுக்கே வந்துவிடுவான்.

"மச்சான், கும்பிட்டுக் கேக்கிறன், என்ட கடைக்கு முன்னால நிக்காத. இத நான்தான் செஞ்சன் எண்டு சனம் நினைக்கும்."

இந்த முகத்தோடு பல இடங்களுக்குப் போனேன். ஓர் அலுவலகத்தில் என் சான்றிதழ்களைப் பார்க்காமலே, "காதல் தோல்வியா தம்பி?" என்று கேட்டார்கள். இன்னோர் இடத்தில் வீட்டில் செத்தவீடு என்று நினைத்து அனுதாபம் சொல்லி, துக்கம் ஆறியதும் வரச் சொன்னார்கள். நகருக்குப் போகிற பஸ்ஸில் காத்தான்குடியில் ஏறுகிற பெரியவர்கள் எனக்கு ஸலாம் சொல்லி, இருக்கையில் இடம் விட்டு உட்கார்வார்கள். அதே பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டி நகருக்குள் நுழைந்து நான் இறங்கினால், அலுவலக வாசல் காவலாளிகள் என் பையைத் திறக்கச் சொல்வார்கள். தாடி ஒன்றுதான். அதன் பெறுமதி மட்டும் பாலத்துக்குப் பாலம் மாறியது.

இரண்டாவது வருடம் முடிகிற நேரத்தில், நகரத்தில் மோட்டார் சைக்கிள் விற்கிற ஒரு நிலையத்தில் இருந்து கூப்பிட்டார்கள். முகாமையாளரின் முகம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. அவருக்குப் பின்னால், சுவரில், கம்பனியைத் தொடங்கிய பெரிய முதலாளியின் படம். முதலாளிக்கு நெஞ்சு வரை தாடி.

"கிரான் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தா எப்பிடி வியாபாரம் செய்வீங்க?" என்று முகாமையாளர் கேட்டார்.

"அறுவடை முடிஞ்ச கையோட வருவாங்க சேர். கால்ல சேறு இருக்கும். அதப் பாக்காம கதிரையக் குடுத்து இருத்தணும். எத்தின கிலோமீற்றர் ஓடும் எண்டு சொல்லக்கூடா. பின்னால எத்தின மூட நெல்லுத் தாங்கும் எண்டு சொல்லணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சரி, எடுத்தாச்சு. திங்கக்கிழம ஷேவ் எடுத்திட்டு வாங்க. ஒரு படம் புடிச்சு ஹெட் ஒபிசுக்கு அனுப்பிப்போட்டுக் கடிதம் தாறன்."

"கடிதத்தத் தாங்க சேர். இப்பவே எடுத்திட்டு வாறன்."

"எடுத்தாத்தான் கடிதம்."

"கடிதம் தந்தாத்தான் எடுக்கலாம்."

நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். தன் மனைவியும் நேர்த்திக்காரிதான் என்றார். "ஆனா தம்பி, கடைக்குள்ள வாறவன் முதல்ல பாக்கிறது முகத்தத்தான். தாடியக் கண்டா, இவன் தன்னையே பாத்துக்கொள்ளாதவன், நம்மட சைக்கிள எப்பிடிப் பாப்பான் எண்டு நினைப்பான்."

நான் சுவரைக் காட்டினேன். "அப்ப அவர்?"

"அவர் முதலாளி."

திரும்பி வரும்போது வழியில் குறைந்தது பத்து சலூன்களையாவது கண்டிருப்பேன். இறங்கி வழித்துவிட்டிருந்தால் விடயம் முடிந்திருக்கும். அம்மனுக்குப் பயந்துதான் இறங்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு வந்தது கோபம். என் பேச்சு அந்த மனிதருக்குப் பிடித்திருந்தது. எனக்குத் தெரிந்ததும் பிடித்திருந்தது. மிச்சம் இருந்தது பத்து நிமிடத்தில் போகிற மயிர். அது முதலாளியின் நாடியில் இருந்தால் மரியாதை, என் நாடியில் இருந்தால் ஊத்தை. அதுவரை அந்தத் தாடி அம்மனுடையது. அன்றைக்கு பஸ்ஸில்தான் அது என்னுடையது ஆனது. முதலில் இறங்கி வருவது நானாக இருக்க மாட்டேன் என்று முடிவெடுத்தேன். வேலையில்லாதவன் எடுக்கிற முடிவா இது என்று கேட்டால், இல்லைதான்.

அம்மாவுக்கு இரண்டு பயம். வேலை போய்விடுமோ என்பது ஒன்று, நேர்த்தியை முறித்தால் அம்மாள் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுவிடுமோ என்பது இன்னொன்று. இதற்கு ஏதும் விதிவிலக்கு உண்டா என்று கேட்க, பூசை செய்யும் கட்டாடியாரிடம் என்னைக் கூட்டிப்போனார்.

"நேந்தது நீ, கேட்டிட்டு இருந்தது அம்மாள்," என்றார் கட்டாடியார். "நான் நடுவில நிண்டு மணியாட்டுறவன். என்ன இதுக்குள்ள இழுக்காத."

அங்கிருந்து வருகிற வழியில் சலூனைக் கண்டேன். யோசனை அங்கேதான் வந்தது.

திங்கட்கிழமை காலையில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் நகருக்குப் போனேன். பின்னால் சலூன்காரன், மடியில் கத்தி, கிண்ணம், போர்வைத் துணி எல்லாம் வைத்த பை. கல்யாணத்துக்குப் போகிறவன் போலச் சட்டை போட்டிருந்தான். கடையைப் பூட்டிவிட்டு வருகிறாயே என்று கேட்டதற்கு, "ரெண்டு வருசமா இந்தத் தாடியப் பாத்து நித்திர கொள்ளல்ல. இண்டைக்கு விடமாட்டன்," என்றான்.

வாசலில் காவலாளி அவனை யாரென்று கேட்டார்.

"நான் இவர்ட சாட்சி," என்றான்.

முகாமையாளர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அங்கே சாட்சிக்காரன் விற்பனைக்கு நின்ற புது மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவைத்து, கத்தியில் புது பிளேட் பூட்டிக்கொண்டிருந்தான்.

"சேர், நீங்க கையெழுத்து வெச்சு மற்றப் பக்கம் திருப்பிறதுக்குள்ள அவன் முடிச்சிருவான். நீங்களும் தோக்கத் தேவையில்ல, நானும் தோக்கத் தேவையில்ல."

"வேல கேட்டு வந்த நீங்க எனக்குச் சட்டம் போடுறீங்க."

"சட்டம் போட்டது நீங்க சேர். நான் முறைய மட்டும்தான் மாத்தக் கேக்கிறன்."

அவர் மறுபடியும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். இத்தோடு முடிந்தது, அடுத்த பஸ்ஸில் கொழும்புக்குப் போய்க் கட்டட வேலை பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். பிறகு அவர் கம்பனிக் கடிதத்தாள் ஒன்றை எடுத்து எழுதினார். விற்பனை உதவியாளராக நியமிக்கப்படுகிறார் என்று எழுதி, கடைசியில், "தாடியை அகற்றுவதற்கு உட்பட்டு" என்றும் சேர்த்துக் கையெழுத்து வைத்தார்.

நிபந்தனையோடு கிடைத்த வேலை அம்மன் கணக்கில் வேலையா என்று எனக்குச் சந்தேகம். அங்கேயே அம்மாவுக்கு அழைத்தேன். அம்மா தொலைபேசியில் பேசினால் ஒலிபெருக்கி தேவையில்லை.

"அம்மா, கடிதம் தந்திட்டாங்க."

"கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"சீல்?"

திருப்பிப் பார்த்தேன். "சீல் இல்லம்மா."

"சீல் இல்லாட்டி அது வெறும் கடுதாசி. கத்தியத் தொட விடாத."

முகாமையாளர் மேசை லாச்சியைத் திறந்து சீலை எடுத்தார். அவர் குத்திய குத்தில் தேநீர்க் கோப்பை துள்ளியது. சத்தம் பெரியகல்லாறு வரைக்கும் கேட்டிருக்கும்.

நிலையத்துக்குப் பின்னால், மோட்டார் சைக்கிள் கழுவுகிற குழாயடியில் என்னை இருத்தினான் சலூன்காரன். திருத்த வேலை செய்கிறவர்கள் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். தாடி போன பிறகு வெளியே வந்தது நாடி அல்ல, நாடி இருந்திருக்க வேண்டிய இடம். இரண்டு வருடத்தில் அதை நானே மறந்திருந்தேன். சலூன்காரன் கத்தியைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், இதுக்கு நீ மூடியே வெச்சிருந்திருக்கலாம்," என்றான். முகாமையாளர் வந்து பார்த்து, ஹெட் ஒபிசுக்கு ஒரு படமும் பிடித்தார். தான் வென்றாரா தோற்றாரா என்று அவருக்கே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தப் படம் இன்றைக்கும் என் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைக் காட்டினால் எந்தக் காவலாளியும் நான்தான் என்று நம்புவதில்லை.

வழித்த முடியைப் பையில் போட்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். கோயில் வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வாவியில் விட்டார். அதோடு நிற்காமல் ஏழு தேங்காயும் உடைத்தார். நான் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான்.

தகுதிகாண் காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் வழித்துக்கொண்டு போனேன். சொன்ன சொல் சொல்தானே. நிரந்தரமாக்கிய கடிதம், சீலோடு, கைக்கு வந்த அன்றைக்குக் கத்தியைக் கழுவி மேல்தட்டில் வைத்தேன். முகம் மறுபடியும் வட்டையானது. சேற்றுக் காலோடு வந்தவர்களும், வலை நாற்றத்தோடு வந்தவர்களும் என் தாடியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வண்டியைப் பற்றித்தான் கேட்டார்கள். தாடியைப் பற்றி ஒருவராவது கேட்டிருந்தால் அன்றைக்கே வழித்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். வழித்திருக்க மாட்டேன்.

மூன்றாவது வாரம் முகாமையாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பின்னால் பெரிய முதலாளி தன் தாடியோடு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன தம்பி, திரும்பவும் நேர்த்தியா?"

"ஓம் சேர். உங்கட கதிர எனக்குக் கிடைக்கிற வரைக்கும் எடுக்கிறதில்ல எண்டு நேந்திருக்கன்."

அவர் மேசையில் இருந்த கோப்பு ஒன்றைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார்.

"அப்ப நல்லா வளரும்."